மூச்சில் அளந்த லைசின்

பன்னிரண்டு, முப்பது. இக்கட்டுரை இந்த இரண்டு எண்களைப் பற்றியது. ஒரு மனிதருக்கு நாள்தோறும் உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 12 மில்லிகிராம் லைசின் போதும் என்று 1985-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கூறியது. அதே நிறுவனங்கள் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, அது 30 மில்லிகிராம் என்றது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் மனிதனின் உடல் மாறிவிடவில்லை. அளக்கும் முறைதான் மாறியது. அந்த மாற்றத்தில் முக்கியமான பங்கு நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரில் நடந்த ஆய்வுகளுக்கு உண்டு. உயிர்வேதியியல் செய்தியை இயற்பியல் ஆசிரியர் ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆய்வு முழுவதும் ஒரு காந்தப்புலத்தை நம்பி நடந்தது, அதனால்தான்.

முதலில் லைசின் என்பது என்னவென்று பார்ப்போம். நம் தசை, தோல், குருதி ஆகிய எல்லாவற்றிலும் உள்ள புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உண்டானவை. இந்த அமினோ அமிலங்கள் இருபது வகை. அவற்றுள் பலவற்றை உடல் தானே செய்துகொள்ளும். சிலவற்றை அதனால் செய்ய முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும். லைசின் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1889-இல் பால் புரதமான கேசீனிலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் டிரெக்செல் என்னும் ஜெர்மானிய வேதியியலார்.

அது இன்றியமையாதது என்பதை எலிகள் காட்டிக்கொடுத்தன. அமெரிக்காவில் ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இருவர் மக்காச்சோளத்திலுள்ள ஸீயின் என்ற புரதத்தை மட்டும் எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். குஞ்சுகள் மெலிந்தன. ஸீயினில் டிரிப்டோபேன், லைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் இல்லை. டிரிப்டோபேனை மட்டும் சேர்த்தபோது மெலிவது நின்றது, ஆனால் குஞ்சுகள் வளரவில்லை. லைசினையும் சேர்த்த பிறகே வளரத் தொடங்கின. 1914-இல் வெளியான இந்த ஆய்வு, புரதம் எவ்வளவு என்பதோடு என்ன புரதம் என்றும் கேட்கவேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்தியது.

தானியங்களின் குறை இதுதான். அரிசியிலும் கோதுமையிலும் புரதம் உண்டு. அந்தப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் லைசின் நிறைய உண்டு. ஆகவே, லைசின் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கும் பணமில்லாதவர் சோற்றை மட்டும் உண்டு உடல்நலத்தோடு வாழமுடியுமா என்ற கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான். 12 சரியென்றால், வாழமுடியும். 30 சரியென்றால், முடியாது. இதை எண்களாலேயே பிறகு காட்டுகிறேன்.

அந்த 12 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஸ் என்ற அறிஞர் 1940-களிலும் 50-களிலும் இளைஞர்கள் சிலருக்கு அளந்து உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர் கையாண்டது நைட்ரஜன் சமநிலை முறை. புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். உணவில் எவ்வளவு நைட்ரஜன் உள்ளே போகிறது, சிறுநீரிலும் மலத்திலும் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து கழித்துப் பார்த்தால், உடல் புரதத்தைச் சேமிக்கிறதா, இழக்கிறதா என்று தெரியும். லைசினைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இழப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார் ரோஸ். நாளொன்றுக்கு 0.8 கிராமுக்கு மேல் எவருக்கும் தேவைப்படவில்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது கிலோவுக்கு 12 மில்லிகிராமை ஒட்டி வருகிறது அல்லவா?

முறை எளியது, அறிவுக்கும் பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் நான் பணிபுரியும் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் திருகு அளவியைக் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்வது, "சுழிப்பிழையைப் பார்" என்பதே. கருவியில் சுழிப்பிழை இருந்தால் ஒரே கம்பியை நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் விடை தவறாகவே வரும். ஒழுங்கற்ற பிழைகள் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். சராசரியில் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். முறையான பிழை அப்படியன்று. அது எப்போதும் ஒரே பக்கம் சாயும்.

நைட்ரஜன் சமநிலையில் நடப்பது இதுதான். தட்டில் ஒட்டிக்கொண்ட சோறும் சிந்திய பருக்கையும் "உண்டதாக"க் கணக்கில் ஏறிவிடும். ஆகவே வரவு சற்று மிகையாகிறது. வியர்வையிலும் உதிரும் தோலிலும் முடியிலும் நகத்திலும் போகும் நைட்ரஜனை முழுவதும் பிடிப்பது கடினம். ஆகவே செலவு சற்றுக் குறைகிறது. வரவு மிகை, செலவு குறை. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் செல்கின்றன. உடல் உண்மையில் புரதத்தை இழந்துகொண்டிருக்கும்போது ஏட்டில் "சமநிலை" என்று பதிவாகும்.

இது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரு கணக்கால் காணலாம். நாள்தோறும் 1 கிராம் நைட்ரஜன் உடலில் தங்குவதாக ஏடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் நைட்ரஜன் என்பது 6.25 கிராம் புரதம். ஓராண்டில் அது 2.28 கிலோகிராம் ஆகும். தசையில் பெரும்பகுதி நீர் என்பதால், இவ்வளவு புரதம் சேர்ந்தால் ஆள் பத்துக் கிலோவுக்கு மேல் பருத்திருக்க வேண்டும்! ஆனால் அத்தகைய ஏடுகளில் இடம்பெற்றவர்கள் பருக்கவில்லை. அஃதாவது, ஏடு பொய் சொல்கிறது. இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்த ஐயத்தை உரக்க எழுப்பியவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னான் யங் (1937–2004). 1989-இல் அவரும் உடனாய்வாளர்களும் லைசின் தேவை 30 மில்லிகிராமாக இருக்கவேண்டும் என்று வாதிட்டனர். எதிர்ப்பு எழுந்தது. அதில் ஒரு வாதம் நம்மைப் பற்றியது. மேலை நாட்டார் இறைச்சியும் பாலும் மிகுதியாக உண்டு பழகியவர்கள். ஆகவே அவர்கள் உடல் லைசினைத் தாராளமாகச் செலவழிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தானியம் உண்டு வாழும் இந்தியர் போன்றோரின் உடலோ குறைந்த லைசினைக் கொண்டே காலந்தள்ளப் பழகியிருக்கும். ஆதலால் பாஸ்டன் நகரத்து எண் அவர்களுக்குப் பொருந்தாது. வாதம் இப்படிச் சென்றது.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதந்தான். உடல் ஓரளவு சிக்கனம் பழகும் என்பதும் உண்மையே. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். இல்லாதவனுக்கு இல்லாமை பழகிவிட்டது, ஆகவே அவனுக்குக் குறைவாகத் தரலாம் என்று முடியும். இப்படிப்பட்ட வாதத்தை உண்மையா பொய்யா என்று சோதிக்காமல் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. சோதிக்க வேண்டுமானால் இந்தியர்களையே அளக்கவேண்டும்.

பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் அனுரா குர்பாத் அதைச் செய்தார். யங்கும் அவர் குழுவினரும் இதில் உடன் நின்றனர். முதல் முடிவுகள் 1998-இலும், விரிவான முடிவுகள் 2001, 2002, 2003-ஆம் ஆண்டுகளிலும் வெளியாயின.

அவர்கள் கையாண்ட முறையைப் புரிந்துகொள்ள ஒரு பட்டறைக்குப் போவோம். எங்கள் ஊருக்கு அடுத்த மறைமலைநகர்த் தொழிற்பேட்டையில் மிதிவண்டி பூட்டும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். நாள்தோறும் 100 கைப்பிடிகள் வருகின்றன. சக்கரங்கள் மட்டும் எத்தனை வருகின்றன என்று நமக்குத் தெரியாது. பட்டறையில் கிடங்கு கிடையாது. மாலையில் மிஞ்சியதையெல்லாம் வெளியே கொட்டிவிட வேண்டும் என்பது விதி. 120 சக்கரங்கள் வந்தால் 60 வண்டிகள்தாம் பூட்டலாம். 40 கைப்பிடிகள் குப்பைக்குப் போகும். 160 வந்தால் 20 கைப்பிடிகள் போகும். 200 வந்தால் ஒன்றும் போகாது. 240 வந்தாலும் கைப்பிடி ஒன்றும் போகாது. உள்ளே நுழைய நமக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்று குப்பையிலுள்ள கைப்பிடிகளை எண்ணுகிறோம். சக்கரங்களின் வரவைக் கூட்டக் கூட்டக் கைப்பிடிக் குப்பை குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் குறைவது நின்றுவிடும். கோடு திரும்பும் அந்த இடமே சக்கரங்களின் தேவை.

இங்கே சக்கரம் என்பது லைசின். கைப்பிடி என்பது லியூசின் என்ற வேறொரு அமினோ அமிலம். உடலில் கொழுப்பைச் சேர்த்துவைக்க இடம் உண்டு, அமினோ அமிலத்தைச் சேர்த்துவைக்கக் கிடங்கு இல்லை. லைசின் குறைந்தால் புரதச் சங்கிலி கோப்பது தடைப்படும். மிஞ்சிய லியூசினை உடல் எரித்துவிடும். எரிந்த லியூசினின் கார்பன், கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும். மூச்சுதான் நம் குப்பைக்கூடை. (பட்டறைக்கும் உடலுக்கும் ஒரு வேறுபாடு: லைசின் போதுமான அளவு இருந்தாலும் உடல் சிறிது லியூசினை எப்போதும் எரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கோடு சுழிக்கு இறங்காது. ஒரு மட்டத்தில் நின்றுவிடும்.)

ஆனால் மூச்சில் வரும் கரியமில வாயுவின் பெரும்பகுதி மாவுப்பொருளும் கொழுப்பும் எரிந்து வந்தது. அதில் லியூசினிலிருந்து வந்தது எது என்று எப்படித் தெரியும்? அடையாளம் இட்டு அனுப்ப வேண்டும். அந்த அடையாளந்தான் கார்பன்-13.

சாதாரணக் கார்பன் அணுவின் நிறை எண் 12. இயற்கையில் நூறு கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்று, ஒரு நியூட்ரானை மிகையாகக் கொண்டு 13 என்ற நிறை எண்ணோடு இருக்கிறது. இது கதிரியக்கம் உடையதன்று. கார்பன்-14-ஐப் போலச் சிதையாது. நம் எல்லோர் உடலிலும் இது இருக்கிறது. ஆகவே மனிதருக்குக் கொடுப்பதில் தீங்கு இல்லை. லியூசின் மூலக்கூறின் முதல் கார்பன், எரியும்போது முதலில் கழன்று கரியமில வாயுவாகும் இடம். அவ்விடத்தில் கார்பன்-13-ஐ வைத்துச் செய்த லியூசினைச் சிறிது சிறிதாக உடலுக்குள் செலுத்தினர்.

இனி மூச்சைச் சோதிக்கவேண்டும். சாதாரணக் கரியமில வாயுவின் மூலக்கூறு நிறை 44. கார்பன்-13 கொண்டதன் நிறை 45. இவை வேதிப்பண்பில் ஒன்றுபோலவே நடப்பவை. வேதியியல் சோதனையால் பிரித்து அறிவது இயலாது. நிறை நிறமாலைமானி பிரித்துவிடும். வாயுவை அயனிகளாக்கி, ஒரே மின்னழுத்தத்தால் முடுக்கி, காந்தப்புலத்தினுள் செலுத்தினால் அவை வட்டப் பாதையில் வளையும். வளைவின் ஆரம் நிறையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே வருவித்துக் காணலாம். 45-ஐ 44-ஆல் வகுத்து இருமடி மூலம் கண்டால் 1.0113. அஃதாவது, 44 நிறையுள்ள அயனி 10 செ.மீ. ஆரத்தில் வளைந்தால், 45 நிறையுள்ள அயனி அதைவிட 1.1 மில்லிமீட்டர் பெரிய ஆரத்தில் வளையும். இரண்டு இடங்களிலும் கிண்ணம் போன்ற ஏற்பிகளை வைத்து இரண்டு மின்னோட்டங்களையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும். ஆக்சிஜனிலும் 17 நிறை எண்ணுள்ள ஐசோடோப்பு மிகச் சிறிதளவு உண்டு. அதுவும் 45-ஐ உண்டாக்கும். அதற்குத் திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எனக்குப் பிடித்த தொல்லை. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை ஒளிச்சேர்க்கை செய்யும் வழி, நெல்லின் வழியிலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் கார்பனில் 13 சற்றுக் கூடுதலாக இருக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்து வந்தவரின் மூச்சும் அரிசிக் கஞ்சி குடித்து வந்தவரின் மூச்சும் இந்தக் கருவிக்கு வேறு வேறாகத் தெரியும்! ஆகவே இத்தகைய ஆய்வுகளில் உணவை முன்கூட்டியே கட்டுப்படுத்தி, அடையாள லியூசினைச் செலுத்தும் முன் மூச்சின் தொடக்க அளவையும் எடுத்துவிடுவார்கள். இதுவும் ஒரு சுழிப்பிழைத் திருத்தமே.

ஆய்வுக்கு வந்தவர்கள் உண்டது சோறும் குழம்பும் அல்ல. மற்ற அமினோ அமிலங்களையெல்லாம் மாற்றாமல் லைசினை மட்டும் மாற்றவேண்டும் என்பதால், தனித்தனி அமினோ அமிலங்களை அளந்து கலந்த உணவு அது. சுவையாக இருந்திருக்காது. சில நாட்கள் அதை உண்டபின், இருபத்துநான்கு மணி நேரம் படுக்கையில் இருக்க, பாதி நேரம் பட்டினியாகவும் பாதி நேரம் சிறு சிறு உணவோடும் மூச்சு மாதிரிகள் எடுக்கப்பட்டன. லைசின் அளவு கிலோவுக்கு 12 மில்லிகிராமிலிருந்து 36 வரை மாற்றப்பட்டது. 12-இல் லியூசின் எரிந்து இழப்பாகிக்கொண்டிருந்தது. கோடு திரும்பிய இடம் 30-ஐ ஒட்டியே வந்தது. அந்த உணவையே மூன்று வாரம் உண்டு உடல் பழகட்டும் என்று விட்டுப் பார்த்தபோதும் விடை பெரிதாக மாறவில்லை. இந்தியரின் தேவையும் பாஸ்டன் நகரத்தாரின் தேவையும் ஒன்றே. "பழகிப்போன உடல்" என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. 2007 அறிக்கை 30-ஐ ஏற்றபோது பெங்களூர் முடிவுகளும் அதற்கு அடிப்படையாக இருந்தன.

இப்போது முன்பு சொன்ன கணக்குக்கு வருவோம். உங்கள் எடை 50 கிலோ என்று கொள்வோம். நீங்கள் இன்னும் வளர்பவர். 15 முதல் 18 வயதினருக்கு அவ்வறிக்கை தரும் அளவு 33. ஆகவே உங்களுக்கு நாள்தோறும் 1,650 மில்லிகிராம் லைசின் வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்கிறீர்கள். அரிசியில் புரதம் சுமார் 8 விழுக்காடு. ஆக 24 கிராம் புரதம். அரிசிப் புரதத்தின் ஒவ்வொரு கிராமிலும் சுமார் 37 மில்லிகிராம் லைசின். மொத்தம் 888. பழைய எண்ணின்படி 50 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவருக்கு 600 போதும்; சோறு மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது! புதிய எண்ணின்படியோ உங்கள் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் சோறு தருகிறது.

50 கிராம் துவரம்பருப்பு சேர்ப்போம். புரதம் 11 கிராம். கிராமுக்குச் சுமார் 65 வீதம் 715 மில்லிகிராம் லைசின். மொத்தம் 1,603. தேவையை நெருங்கிவிட்டோம். உண்டதெல்லாம் செரித்துச் சேர்வதில்லை என்பதால் இன்னும் சிறிது மிகை வேண்டும். ஒரு தம்ளர் பால் அல்லது அதே அளவு தயிர் 500 மில்லிகிராம் தரும். ஒரு முட்டை 400-க்கு மேல் தரும். சத்துணவுத் தட்டிலுள்ள முட்டையை இனி இந்தக் கண்ணோடும் பாருங்கள். பொத்தேரியிலோ தாம்பரத்திலோ கடையில் எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் வாங்கி மதிய உணவை முடிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் பொட்டலத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். தெளிந்த ரசமும் கணக்குக்கு உதவாது. அடியில் தங்கிய பருப்பில்தான் லைசின் இருக்கிறது.

50 கிராம் பருப்பு என்பது பேச்சுக்கு எளிது. நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு சலுகை விலையில் தருகிறார்கள். நால்வர் உள்ள குடும்பத்தில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்குச் சற்று மேல். லைசின் 120 மில்லிகிராம் அளவே. மீதியைச் சந்தை விலையில் வாங்கவேண்டும். பருப்பு விலை ஏறும்போது எந்த வீட்டில் சாம்பார் நீர்த்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

பெங்களூர்க் குழுவினர் அதோடு நிற்கவில்லை. நெடுங்காலம் ஊட்டம் குறைந்து வாழ்ந்த ஆண்களையும் 2003-இல் அளந்தனர். பழக்க வாதம் சரியென்றால் அவர்களுடைய தேவை 30-ஐவிடக் குறைந்திருக்க வேண்டும். வந்த விடை 44! அவர்களின் குடலில் ஒட்டுண்ணிகள் இருந்தன. அவற்றுக்கு மருந்து கொடுத்தபின் தேவை குறைந்தது. உண்பதில் ஒரு பங்கு புழுவினால் போய்க்கொண்டிருந்தது. லைசின் ஆராய்ச்சி கழிப்பறைக்கும் காலணிக்கும் கொண்டுபோய் விடும் என்று ஆஸ்பர்னும் மெண்டலும் நினைத்திருப்பார்களா?

இந்த இடத்தில் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனையும் சொல்லவேண்டும். 1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனத்தை 1960-களில் தலைமையேற்று நடத்தியவர் அவர். உலகமே "புரதப் பஞ்சம்" என்று பேசி, ரொட்டியில் லைசினைக் கலக்கலாமா என்று திட்டமிட்ட காலம் அது. நம் குழந்தைகளுக்கு முதலில் குறைவது எரிசக்தி, அஃதாவது வயிறார உணவு. தானியமும் பருப்பும் கலந்த அவர்களது வழக்கமான உணவையே போதுமான அளவு கொடுங்கள் என்று அவர் வலியுறுத்தினார். 30 என்ற எண் இதற்கு முரணானதன்று. வயிறு நிறையாதபோது உடல் புரதத்தையும் அடுப்பில் போட்டு எரித்துவிடும்; அப்போது எவ்வளவு லைசின் கொடுத்தும் பயன் குறைவு. கோபாலன் சொன்ன உணவில் பருப்பு இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

எவ்வளவு பருப்பு சேர்ந்தால் போதும் என்பதை நம் வீட்டு ஆட்டுக்கல்லே ஓரளவு சொல்லிவிடுகிறது. புதிய அளவின்படி பெரியவர்களுக்கான நல்ல புரதம், கிராமுக்கு 45 மில்லிகிராம் லைசின் கொண்டிருக்க வேண்டும். இட்லிக்கு 100 கிராம் அரிசியும் 25 கிராம் உளுத்தம்பருப்பும் என்று கொள்வோம். அரிசியில் 8 கிராம் புரதம், 296 மில்லிகிராம் லைசின். உளுந்தில் 23 விழுக்காடு வீதம் 5.75 கிராம் புரதம். கிராமுக்கு 65 வீதம் 374 மில்லிகிராம். கூட்டினால் 13.75 கிராம் புரதத்தில் 670 மில்லிகிராம், கிராமுக்கு 48.7. இட்லி தேர்ச்சி பெற்றுவிட்டது, சாம்பார் இல்லாமலேயே!

வெண்பொங்கலின் கணக்கை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. பாசிப்பருப்பில் புரதம் 24 விழுக்காடு, கிராமுக்கு லைசின் 68 மில்லிகிராம் என்று கொள்ளுங்கள். பிறகு பருப்பைப் படிப்படியாகக் குறைத்து, எந்த விகிதத்தில் பொங்கல் 45-க்குக் கீழே இறங்குகிறது என்று வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.